வெள்ளை பூசிய நகங்கள்

என் தவறை ஆறு மீட்டர் நீளச் சிவப்புத் துணியில் எழுதிப் பள்ளி வாசலில் தொங்கவிட்டவள் நானேதான். சியாயி ஊரில் எந்தப் பள்ளி வாசலைப் பார்த்தாலும் இப்படி ஒரு துணி தொங்கும். பேச்சுப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கினால்கூட மறுநாளே ஏற்றிவிடுவோம். எங்கள் துணியில் இருந்தது இது: "வாழ்த்துகள்! நம் பேஸ்பால் அணியில் ஒரு பிள்ளைக்குக்கூடக் கிட்டப்பார்வை இல்லை!" வாசகம் என்னுடையது. ஆச்சரியக்குறிகளும் என்னுடையவைதான்.

நான் இந்தத் தொடக்கப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ். முட்டிச் சிராய்ப்பு, வயிற்றுவலி, பரீட்சைக் காய்ச்சல் எல்லாம் எனக்குப் பொழுதுபோக்கு மாதிரி. என் உண்மையான சண்டை கண்களோடு. முதல் வகுப்பில் நல்ல பார்வையோடு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல், ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் மூக்கில் கண்ணாடி ஏறிவிடும். கிட்டத்தில் இருப்பதையே பார்த்துப் பார்த்துக் கண்விழி நீளவாக்கில் வளர்ந்துவிடுகிறது. வளர்ந்தது திரும்பச் சுருங்காது. தினமும் இரண்டு மணி நேரம் பகல் வெளிச்சத்தில் ஓடியாடினால் அந்த வளர்ச்சி கொஞ்சம் மட்டுப்படும். அதனால் ஒவ்வொரு இடைவேளைக்கும் வகுப்பு வகுப்பாகப் போய் விளக்கை அணைத்து, பிள்ளைகளை வெளியே துரத்தி, கதவைப் பூட்டிவிடுவேன். வெயிலில் பிள்ளை கறுத்துவிடுகிறது என்று சண்டைக்கு வந்த அம்மாக்கள் எத்தனையோ பேர். அவர்களிடம் நானும் பதிலுக்குச் சண்டை போட்டு அனுப்பிவிடுவேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் கதவு ஆன்ட்டி.

என் கட்சிக்குச் சாட்சி பேஸ்பால் அணிதான். பதினாறு பிள்ளைகள், தினமும் மூன்று மணி நேரம் மைதானத்தில் கிடந்து கருகியவர்கள். பிப்ரவரி மாதக் கண் சோதனையில் பதினாறு பேரும் கடைசி வரி வரை கடகடவென்று சொன்னார்கள். அந்த வாரமே துணி ஏறியது. முதல்வருக்கு ஒரே மகிழ்ச்சி. எப்படிச் சாதித்தீர்கள் என்று பார்க்க ஏப்ரலில் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருவதாகவும் ஏற்பாடாகிவிட்டது.

மார்ச் கடைசியில் ஒரு நாள் பயிற்சிக்கு நடுவே யுன்-ஷி வீங்கிய கட்டைவிரலோடு என் அறைக்கு வந்தாள். ஐந்தாம் வகுப்பு. அணியில் ஒரே பெண், ஆனால் அவள்தான் கேட்சர். மட்டையடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, எறிகிற பந்தையெல்லாம் பிடிக்கிறவள். குண்டு உடம்பு, அதைவிடப் பெரிய வாய். விரலுக்கு ஐஸ் வைத்தபோது எனக்கு அவள் வலது கை நகங்கள் கண்ணில் பட்டன. எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன.

நகப்பூச்சா என்று அதட்டினேன். இல்லை, நோட்டுப் புத்தகத்தில் தப்பை அழிக்கிற வெள்ளை மை என்றாள். முகர்ந்து பார்த்தேன், அதேதான். கேட்சர் தன் முட்டிகளுக்கு நடுவே விரலைக் காட்டித்தான் எறிபவனுக்கு அடுத்த பந்து என்ன என்று சொல்ல வேண்டும். ஒரு விரல் வேகப் பந்து, இரண்டு விரல் மெதுவான பந்து. நகம் வெள்ளையாக இருந்தால் தூரத்திலிருந்தும் தெரியுமாம்.

"ராத்திரி ஆட்டத்துல பெரிய பிளேயருங்க எல்லாரும் பூசிக்குவாங்க ஆன்ட்டி. உங்களுக்குத்தான் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். ஒப்புக்கொண்டு கட்டுப் போட ஆரம்பித்தேன். பாதிக் கட்டில் கை நின்றுவிட்டது.

"நீங்க எப்படி ராத்திரியில ஆடுறீங்க? ஆறு மணிக்கு மேல மைதானத்துல விளக்கே கிடையாதே?"

ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் வைத்திருக்கிற பெண் கூரையைப் பார்த்தாள். விரல் எப்படி வீங்கியது என்று கேட்டேன். மெதுவான பந்து கேட்டாளாம், வேகப் பந்து வந்ததாம்.

"ஏன் அப்படி எறிஞ்சான்?"

"அவன் ஒரு கழுதை."

அந்தக் கழுதை யாரென்று எனக்குத் தெரியும். சுவாங் காய்-லுன். அதே வகுப்பு, ஒல்லி, உயரம், விடைத்த காதுகள், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயந்தவன் போல அப்படி ஒரு அமைதி. மாவட்டத்திலேயே அவன் வயதில் அவனைப் போல எறிகிறவன் இல்லை என்று கோச் சொல்லித் திரிவார். அவனும் இவளும் முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்குப் பிப்ரவரி சோதனைதான் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சோதனையின்போது அட்டையில் எழுத்துகளைக் குச்சியால் சுட்டிக்காட்ட ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்டேன். நான் வருகிறேன் என்று முந்திக்கொண்டு எழுந்தவள் யுன்-ஷி. நன்றாகச் செய்தாள் என்று மெச்சி அவளுக்கு ஒரு ஸ்டிக்கர் வேறு ஒட்டிவிட்டிருந்தேன்.

மறுநாள் காலை இருவரையும் வரச் சொன்னேன். பிப்ரவரியில் செய்தது போலவே செய்வோம் என்று அவள் கையில் குச்சியைக் கொடுத்தேன். எங்கள் அட்டையில் இருப்பது ஒரே எழுத்துதான், மூன்று பல் சீப்பு மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திறந்திருக்கும். எந்தப் பக்கம் என்று பிள்ளை சொல்ல வேண்டும். பிப்ரவரியில் நான் பையனையும் என் பதிவேட்டையும் பார்த்து உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அட்டைக்குப் பக்கத்தில் நிற்கும் யுன்-ஷியைப் பார்த்து உட்கார்ந்தேன்.

குச்சி முதல் எழுத்துக்குப் போனது. அவளுடைய இடது கை தொப்பியை நோக்கிப் பாதி தூரம் போய், என் முகத்தைப் பார்த்ததும் காற்றிலேயே நின்றது. காய்-லுன் அட்டையைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொப்பியைத் தொட்டா மேல," என்றாள் யுன்-ஷி தரையைப் பார்த்தபடி. "பெல்ட்டைத் தொட்டா கீழ. காது இடது, மூக்கு வலது."

குச்சியை வாங்கி நானே சுட்டினேன். மேலிருந்து இரண்டாவது வரியைத் தாண்ட அவனால் முடியவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அவர்கள் மேல் அல்ல. பதினாறு பிள்ளைகளில் இந்த ஒருவனை நான் பார்க்கவே இல்லை. வெயிலில் கறுத்த முகத்தைக் கண்டதும் கண்ணும் நன்றாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டி, பதிவேட்டில் தலையைக் கவிழ்த்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். போன வருடம் புயல் விடுமுறை முடிந்ததிலிருந்து என்றான். விரலே தெரியாமல் எப்படி எறிந்தாய் என்று கேட்டதற்கு, தலையாட்டிவிட்டு எறிவேன் என்றான்.

"எது காட்டினாலும் தலையாட்டுவான் ஆன்ட்டி," என்றாள் யுன்-ஷி. "ஒரு நாள் நாக்கை நீட்டிப் பாத்தேன். அதுக்கும் ஆட்டினான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கண்ணாடி போட்டால் கோச் அவனை எறிய விடாமல் வலது மூலையில் நிற்க வைத்துவிடுவாராம். நாலு கண்ணன்களுக்கு அங்கேதான் இடம் என்று ஒரு நாள் சொன்னாராம். அது ஒரு காரணம். இன்னொன்றை அவனே சொன்னான்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா அழுவார்."

அவன் அப்பா சுவாங் சந்தைக்குப் பக்கத்தில் வான்கோழிச் சோற்றுக்கடை வைத்திருப்பவர். சோற்றுப் பானையைத் திறக்கும்போதெல்லாம் அவருடைய கண்ணாடி ஆவியில் மூடிக்கொள்ளும். துடைத்துத் துடைத்தே வியாபாரம் செய்வார். கண்ணாடி என்றால் சாதாரணக் கண்ணாடி இல்லை, சோடா புட்டிக் கண்ணாடி, மைனஸ் பன்னிரண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் இடது கண்ணின் விழித்திரை கழன்று அறுவை சிகிச்சை செய்தார்கள். அதிலிருந்து அந்தக் கண்ணில் பாதிதான் தெரியும். அவ்வளவு நீண்டுபோன கண்ணுக்கு இப்படியெல்லாம் வரும் அபாயம் உண்டு.

கூப்பிட்டு அனுப்பினேன், மதிய வியாபாரம் முடிந்து ஏப்ரனோடு வந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. பிப்ரவரியில் என் சோதனை தப்பு, பையனுக்குத் தூரப் பார்வை மங்கல், இன்று மாலையே கண் டாக்டரிடம் போக வேண்டும் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி ஏப்ரனில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

"நீங்கதானே சொன்னீங்க நர்ஸம்மா," என்றார். சத்தம்கூட உயரவில்லை. "அவன் ஒண்ணாம் வகுப்புல இருந்தப்ப, பெற்றோர் கூட்டத்துல. வெயில்ல விளையாட விடுங்க, கண்ணு கெடாதுன்னு. அதுக்காகத்தான் அவனை பேஸ்பால்ல சேத்தேன். எனக்கு பேஸ்பால்ல ஒரு மண்ணும் தெரியாது. என் கண்ணு அவனுக்கு வந்துடக் கூடாதுன்னுதான் சேத்தேன்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மட்டுப்படும் என்பது பாடப்புத்தகத்தில் இருப்பது. கெடாது என்பது மேடையில் நின்று கைதட்டு வாங்கிய நான் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் இந்த மனிதர் ஐந்து வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். தப்பாகச் சொன்னேன், மன்னியுங்கள் என்றேன். பிறகு கேட்டேன், அவருக்கு இந்த வயதில் எவ்வளவு பவர் இருந்தது என்று. ஐந்தாம் வகுப்பிலேயே மைனஸ் ஐந்து என்றார்.

மாலையில் நானும் கூடப் போனேன். என்னைக் கூப்பிடவில்லை, ஆனால் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. டாக்டர் பாவையை விரிக்கும் சொட்டு விட்டு, கண்ணின் தசைகள் தளரும் வரை காக்க வைத்தார். அசதியால் வந்த பொய் மங்கலா, நிஜமாகவே வளர்ந்துவிட்டதா என்று அப்போதுதான் தெரியும். ஒரு கருவியில் விழியின் நீளத்தையும் அளந்தார். நிஜம்தான். மைனஸ் ஒன்றே முக்கால்.

சுவாங் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு இந்த வயசுல அஞ்சு. இவனுக்கு ஒண்ணே முக்கால். அதுவும் போன வருஷம்தான் ஆரம்பிச்சிருக்கு. வெயில் சும்மா போகலைன்னு நினைக்கிறேன். முழுசாத் தடுக்கலை, ஆனா தள்ளிப் போட்டிருக்கும்."

டாக்டரும் தலையாட்டினார். இந்தப் பையனுக்கு வெயில் எவ்வளவு செய்தது என்று அளந்து சொல்ல முடியாது, ஆனால் தாமதமாகத் தொடங்குகிற கண் பெரும்பாலும் அவ்வளவு தூரம் ஓடாது என்றார். சரியான கண்ணாடி, தினமும் தூங்கப் போகுமுன் ஒரு சொட்டு மருந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளவு. அந்த மருந்தால் வெளிச்சம் கொஞ்சம் கூசலாம், தொப்பி போட்டுக்கொள்ளட்டும் என்றார். படிக்கும்போது புத்தகத்துக்கும் கண்ணுக்கும் ஒரு முழங்கை தூரம் இருக்க வேண்டும். போர்வைக்குள் போனில் பந்து எறிகிற வீடியோ பார்ப்பது அன்றோடு சரி. அது எனக்கும் தெரியாத விஷயம். டாக்டர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். பேஸ்பாலை நிறுத்த வேண்டுமா என்று சுவாங் கேட்டார். நிறுத்தினால்தான் எனக்குக் கோபம் வரும் என்றார் டாக்டர்.

சுவாங் அப்போதுதான் அழுதார். காய்-லுன் விரிந்த பாவையோடு மங்கலாக அவரைப் பார்த்து, கைக்குட்டை எங்கே என்று தடவினான்.

மறுநாள் வாயில்காவலரை ஏணி பிடிக்கச் சொல்லி, நானே ஏறித் துணியை அவிழ்த்தேன். முதல்வர் ஓடி வந்தார். வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள், அதுவரை இருக்கட்டும், அப்புறம் இறக்கிக்கொள்ளலாம் என்றார். பொய்யை வெள்ளிக்கிழமை வரை காயப்போட முடியாது என்று ஏணி மேலிருந்தே சொல்லிவிட்டேன். அவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கும் வேலை இருந்தது. பதினாறு பேரையும் மறுபடி சோதித்தேன், ஒவ்வொருவராக, குச்சியை நானே பிடித்து. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு அப்போதுதான் ஆரம்பம் என்று தெரிந்தது. அவனையும் அனுப்பி வைத்தேன்.

பிறகு கோச். ஹுவாங் என்று பெயர், கழுத்தில் விசில், வாயில் எப்போதும் ஒரு கிண்டல். நாலு கண்ணன் கதையைச் சொல்லிக் கத்தினேன். அப்படிச் சொன்னதாகவே அவருக்கு நினைவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, வெளிய சொல்லிடாதீங்க. நான் இருபது வருஷமா லென்ஸ் போட்டுட்டு இருக்கேன்."

வெளியே நான் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் பயிற்சிக்கு முன்னால் அணியை வரிசையாக நிற்க வைத்து, அத்தனை பேர் முன்னிலையில் ஒரு லென்ஸைக் கழற்றி விரல் நுனியில் வைத்துக் காட்டினார். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். யுன்-ஷி மட்டும், அப்படியானால் போன மாதம் பயிற்சி ஆட்டத்தில் நடுவராக நின்று அவர் தந்த தப்பான தீர்ப்புக்கு என்ன காரணம் என்று கேட்டு, மைதானத்தைச் சுற்றி இரண்டு ரவுண்டு ஓடினாள்.

காய்-லுனுக்குத் தலைக்குப் பின்னால் பட்டை வைத்துக் கட்டுகிற விளையாட்டுக் கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் அவன் பந்தே எறியவில்லையாம். மைதானத்து ஓரத்து மாமரத்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம், இலை இலையாகத் தெரிகிறது என்று.

மே மாதம் மாவட்டப் போட்டி. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். எனக்கும் பேஸ்பாலில் ஒரு மண்ணும் தெரியாது, இருந்தும் போனேன். சுவாங் கடையை அடைத்துவிட்டு வந்து கம்பிவலைக்கு வெளியே என் பக்கத்தில் நின்றார். அவ்வளவு தூரத்தில் நடப்பது அவருக்குச் சரியாகத் தெரியாது, அதனால் நான்தான் ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன். யுன்-ஷியின் நகங்களை முந்தின நாள் நானே சுரண்டி விட்டிருந்தேன். வெறும் விரல், அழுக்கு நகம்.

கடைசிக் கட்டம். நாங்கள் ஒரு புள்ளி முன்னே. எதிரணியில் ஒரு தடியன் மட்டையோடு வந்து நின்றான். யுன்-ஷி குந்தினாள், முட்டிகளுக்கு நடுவே விரல் காட்டினாள். காய்-லுன் உற்றுப் பார்த்தான். தலையை இடமும் வலமுமாக ஆட்டினான்.

யுன்-ஷி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடி அதையே காட்டியிருப்பாள் போல. அவன் மறுபடி இல்லை என்று ஆட்டினான். அவள் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, நடுவரிடம் நேரம் கேட்டு, திடலின் நடுவுக்கு விறுவிறுவென்று நடந்தாள். அவள் குரல் எங்கள் வரை கேட்டது.

"அஞ்சு வருஷமாக் காட்டுறேன், ஒரு நாள் வேணாம்னதில்லை. இப்ப என்னடா திமிரு?"

அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. சுவாங்கின் கை கம்பிவலையை இறுகப் பிடித்திருந்தது.

"என்னாச்சு நர்ஸம்மா? ஏன் ஆட்டம் நிக்குது? அவனுக்குக் கண்ணு தெரியலையா?"

"தெரியுது. தெரியறதாலதான் வேணாங்கிறான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்க அதில் நிஜமாகவே ஈரம் இருந்தது.

யுன்-ஷி திரும்பி வந்து குந்தினாள். முகமூடியை மாட்டுவதற்கு முன்னால் அவனைப் பார்த்து நாக்கை நீட்டினாள். காய்-லுன் பதினாலு மீட்டர் தூரத்திலிருந்து அதைப் பார்த்தான், சிரித்தான், இல்லை என்று தலையாட்டினான்.